எந்தப் பியர் நம்முடைய பியர்?

சென்ற மாதம் நமது மாவட்டக் குழுவின் மே தின ஆயத்தக் கூட்டத்தில் இளைஞர் பிரிவுத் தம்பிமார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். மே தின பஸ்ஸிலும், சங்கத்தின் பெயரால் நடக்கும் கிரிக்கெட், கரப்பந்துப் போட்டிகளிலும் இனிமேல் வெளிநாட்டுப் பியருக்கு இடமில்லை, உள்நாட்டுப் பியர் மட்டும்தான் என்பது அதன் சாரம். கைதட்டல் பலமாக எழுந்தது. நேரம் போதாததால் வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது. அதற்குள் எல்லாத் தோட்டக் கமிட்டிகளும் இதைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் அந்தத் தீர்மானத்துக்கு எதிராகவே கை உயர்த்துவேன். அதற்கான காரணத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் தம்பிமார் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரலில் இந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. டொலர் இல்லை என்பதால் காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. அந்த வரிசைகளில் நின்றவர்கள் நாம். "டீச்சர், வெளிநாட்டுச் சாமான் ஒன்ன வாங்கினா டொலர் வெளிய போவுது. நம்ம நாட்டு பியரக் குடிச்சா காசு நாட்டுக்குள்ளேயே நிக்கும். இதுல என்ன பிழை?" என்று கூட்டம் முடிந்து கீழே இறங்கும்போது ஒரு தம்பி கேட்டார். கேள்வியில் பிழையே இல்லை. தான் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று ஒரு தொழிலாளி யோசிக்கத் தொடங்குவது நல்ல காரியம். என் வருத்தம் ஒன்றுதான். அந்த யோசனையைத் தம்பி போத்தலில் ஒட்டிய லேபலோடு நிறுத்திவிட்டார். லேபலுக்குப் பின்னாலும் கொஞ்சம் பார்ப்போம்.

லேபலுக்குப் பின்னால்

நாட்டில் அதிகம் விற்கும் பியரின் கதை நம்முடைய மலையில்தான் தொடங்குகிறது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1849இல் நுவரெலியாவில் பியர் காய்ச்சத் தொடங்கினார் என்பது அந்தக் கம்பனியே சொல்லிக்கொள்ளும் வரலாறு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867இல். ஆகவே அந்தப் பியர் தேயிலைக்கும் மூத்தது. கோப்பித் தோட்டத் துரைமாரின் தாகத்துக்காகப் பிறந்தது. பின்னர் அது பெரிய ஆலையாகி, நுவரெலியாவின் மலைத் தண்ணீரில் நூறு ஆண்டுக்கு மேல் ஓடியது. 1990களின் கடைசியில் உற்பத்தி மலையை விட்டுக் கீழே, கொழும்புக்குப் பக்கத்துப் பியகமவுக்குப் போனது. பேர் மலையில் பிறந்தது, ஆலை இன்று மலையில் இல்லை.

இப்போது அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பியரின் உயிர் மோல்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. கசப்பும் மணமும் தருவது ஹொப்ஸ். இரண்டும் கப்பலில் வருகின்றன. டின்னுக்கான அலுமினியமும் இந்த மண்ணில் எடுப்பதல்ல. தண்ணீர் நம்முடையது, உழைப்பு நம்முடையது. சிங்கத்தின் படம் போட்ட டின்னைத் திறக்கும்போதும் டொலரில் ஒரு பங்கு வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இலாபம் யாருக்குப் போகிறது? லயன் கம்பனியின் பெரும்பங்கு கார்சன் கம்பர்பட்ச் குழுமத்தின் கையில். அந்தக் குழுமத்துக்கு இந்தோனேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் இருக்கின்றன. லயன் கம்பனியில் நான்கில் ஒரு பங்கு டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் குழுமத்துடையது. கார்ல்ஸ்பேர்க் பியரும் அனுமதிப்பத்திரத்தின் பேரில் அதே பியகம ஆலையில்தான் காய்ச்சப்படுகிறது. ஒரே ஆலை, ஒரே தண்ணீர், ஒரே தொழிலாளி, லேபல் மட்டும் இரண்டு. இதில் எதை உள்நாடு என்பது, எதை வெளிநாடு என்பது?

மறுபக்கம் ஹைனெக்கன். பெயரைக் கேட்டால் ஒல்லாந்து. ஆனால் அந்தக் கம்பனிக்குக் குருநாகல் மாவட்டத்து மாவத்தகமவில் ஆலை இருக்கிறது. அங்கே கிராமத்துப் பிள்ளைகள் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டுப் பியர் வேண்டாம் என்று நாம் தீர்மானம் போட்டால் அந்த மாவத்தகமத் தொழிலாளியின் வேலை எந்தக் கணக்கில் வரும்? அவர் நமக்கு அந்நியரா?

வரி நாட்டுக்குத்தானே என்று ஒரு தோழர் சொன்னார். சரிதான். ஒவ்வொரு போத்தலிலும் மதுவரி இருக்கிறது, அதற்கு மேல் 18 வீத வற் வரி இருக்கிறது. ஆனால் சிங்கம் போட்ட போத்தலும் கட்டுகிறது, மற்றப் போத்தலும் கட்டுகிறது. அதில் தேசப்பற்றுக்கு என்ன வித்தியாசம்? அந்த வரியில் எத்தனை சதம் நம் லயத்துக் கூரைக்கும், தோட்டத்துப் பாதைக்கும் திரும்பி வந்தது என்று கேட்பதுதான் தொழிற்சங்கத்தின் கேள்வி.

இந்தப் பாடத்தை நாம் முன்பே படித்துவிட்டோம்

வெள்ளைக்காரன் போய் உள்நாட்டுக்காரன் வந்தால் நமக்கு விடியும் என்ற பாடத்தை வேறு யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. இரண்டாவது சட்டத்தோடு ஸ்டேர்லிங் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாகின. துரை பங்களாவில் வெள்ளைத்தோல் போய் நம் நாட்டுத் தோல் வந்தது. லயத்தின் தகரம் மாறியதா? பெரட்டுக் களத்தில் பேசும் பேச்சு மாறியதா? அந்த எழுபதுகளில்தான் தோட்டங்களில் பட்டினி. கொழுந்து எடுத்த கையோடு கிழங்கு தேடி அலைந்த கதையை உங்கள் வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். பலர் தோட்டத்தை விட்டு வன்னிக்கு நடந்தது அப்போதுதான்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. அவையும் பெரும்பாலும் உள்நாட்டுக் கம்பனிகள். கொழும்பில் அலுவலகம், கொழும்புப் பங்குச்சந்தையில் பெயர். ஆயிரம் ரூபா சம்பளத்துக்காக நாம் வருடக்கணக்கில் வீதியில் நின்றது எந்த வெளிநாட்டுக்காரனுக்கு எதிராக? 2021இல் அந்த ஆயிரம் ரூபாவை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் இந்த நாட்டவர்கள்தானே? முதலாளி உள்நாட்டவர் என்பதற்காக யாரும் நமக்கு ஒரு கிலோ கொழுந்தைக் குறைத்துக் கேட்டதில்லை.

சாராயக் காசும் தோட்டக் காசும்

இதிலும் ஆழமான ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்கார அரசு சாராயம் விற்கும் உரிமையை ஏலம் விட்டது. அதைச் சாராயக் குத்தகை என்பார்கள். குத்தகை எடுத்தவர்கள் பெரும்பாலும் இந்நாட்டவர்கள். கோப்பித் தோட்டங்கள் மலையில் ஏற ஏற, அவற்றின் பின்னாலேயே தவறணைகளும் ஏறின. கூலியாக வந்தவனின் காசு சனிக்கிழமை தவறணைக்குள் போனது. அந்தக் காசில் கொழுத்தவர்கள் காணி வாங்கினார்கள், தோட்டம் வாங்கினார்கள், கொழும்பில் மாளிகை கட்டினார்கள். இலங்கையின் உள்நாட்டு முதலாளி வர்க்கத்தின் முதல் மூலதனத்தில் சாராயக் குத்தகைக்கு எவ்வளவு பெரிய பங்கு என்பதைக் குமாரி ஜயவர்தன அந்த வர்க்கத்தின் எழுச்சியைப் பற்றிய தமது நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அவர்கள் யாரும் வெளிநாட்டவர் இல்லை.

பழைய கதைதானே என்று விட்டுவிட முடியாது. அரசாங்கத்தின் கையில் இருந்த வடிசாலைக் கூட்டுத்தாபனமும் 1992இல்தான் தனியார் மயமானது. தோட்டங்களின் நிர்வாகம் கைமாறிய அதே ஆண்டு. இன்று அந்த வடிசாலைக் கம்பனியும் பலாங்கொடைப் பெருந்தோட்டக் கம்பனியும் மெல்ஸ்டாகோர்ப் என்ற ஒரே குழுமத்துக்குள் இருக்கின்றன. இது இரகசியம் இல்லை, அவர்களுடைய ஆண்டறிக்கையில் அச்சாகும் விஷயம். சட்டத்துக்கு முரணானது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் தொழிலாளி இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளம் ஒரு வாசலால் வெளியே வருகிறது, அதே வீட்டின் இன்னொரு வாசலால் உள்ளே போகிறது. இரண்டு வாசலிலும் எழுதியிருப்பது ‘உள்நாட்டு உற்பத்தி’தான்.

சுதேசி என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது

உள்நாட்டுப் பொருளையே வாங்கு என்று சொன்ன முதல் ஆள் நமது இளைஞர் பிரிவு இல்லை. அந்தச் சொல்லுக்காகச் சிறை போனவர்கள் இருக்கிறார்கள். வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பனியைத் தொடங்கினார். அந்தக் கப்பல் ஓடிய வழி தூத்துக்குடிக்கும் நமது கொழும்புக்கும் இடையில். நம் முன்னோரில் பலர் ஏறி வந்ததும் அதே கடல்வழிதான். வெள்ளைக்காரக் கம்பனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அந்தக் கப்பலை விழுத்தியது.

வ. உ. சி. வெறும் கப்பலோடு நிற்கவில்லை என்பதைத்தான் தம்பிமார் கவனிக்க வேண்டும். 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் தலைமை தாங்கி நின்றவரும் அவர்தான். கூலி உயர்வு, வார விடுமுறை என்று தொழிலாளியின் கோரிக்கையைத் தூக்கிப் பிடித்தார். தொழிலாளர்கள் வென்றார்கள். அதே ஆண்டு அவர் சிறைக்குப் போனார். அவருடைய சுதேசியில் கொடியும் இருந்தது, கூலியும் இருந்தது. கூலியை விட்டுவிட்டுக் கொடியை மட்டும் எடுத்து டின்னில் ஒட்டினால் அதற்குச் சுதேசி என்ற பெயர் பொருந்தாது.

சுதேசிக்காரர்கள் குடியைப் பற்றி என்ன செய்தார்கள்? 'உள்நாட்டுக் கள்ளையே குடியுங்கள்' என்று யாரும் ஊர்வலம் போகவில்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் முன்னே நின்றவர்கள் நாகம்மையும் கண்ணம்மாளும், பெரியாரின் துணைவியும் தங்கையும். நமது நாட்டில் 1904இலும் 1912இலும் மதுவொழிப்பு இயக்கம் எழுந்தபோது தவறணைகளை எதிர்த்துத்தான் கூட்டங்கள் நடந்தன. 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்து மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் மத்தியிலும் பேசினார். குடியை விடுங்கள் என்றே அவரும் கேட்டுக்கொண்டார். அந்நிய ஆட்சியை எதிர்த்த இவர்களில் ஒருவருக்கும் போத்தலின் பிறந்த ஊர் ஒரு பிரச்சினையாகப் படவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

நான் கணக்கும் படிப்பிக்கிறவள். ஆகவே ஒரு கணக்கு.

'பியர்தானே டீச்சர், சாராயம் இல்லையே' என்பது எல்லோரும் சொல்கிற சொல். கடைகளில் அதிகம் போகிற ஸ்ட்ரோங் டின்னை எடுத்துப் பாருங்கள். 8.8 வீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். 500 மில்லி லீற்றர் டின் என்றால் அதில் சுத்த மதுசாரம் 44 மில்லி. சாராயத்தில் மதுசாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதன்படி ஒரு டின் ஸ்ட்ரோங் பியர் 130 மில்லி சாராயத்துக்குச் சமம். அதாவது கால் போத்தலில் முக்கால்வாசி. இரண்டு டின் குடித்தவர் ஒன்றரைக் கால் போத்தல் சாராயம் குடித்தவர்தான். வயிற்றுக்கும் ஈரலுக்கும் லேபல் வாசிக்கத் தெரியாது.

இனி காசுக் கணக்கு. 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணயச் சபை தீர்மானித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அதை வைத்தே கணக்குப் போடுவோம். மாதத்தில் இருபது பேர் கிடைத்தால் 27,000. சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 வீதம், 2,160 ரூபா. மிச்சம் 24,840. ஒருவர் சனிக்கிழமை இரண்டு டின், ஞாயிறு இரண்டு டின் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்குப் பதினாறு. ஒரு டின்னை 600 ரூபா என்று போட்டால் 9,600 ரூபா. கடைக்குக் கடை கூடக் குறைய இருக்கும். ஆனால் ஏழு நாள் மலை ஏறிய சம்பளம் போய்விட்டது. மழையில் நனைந்த ஏழு நாள், அட்டை கடித்த ஏழு நாள். இவர் இதற்குமுன் குடித்த வெளிநாட்டு லேபலை மாற்றி உள்நாட்டு லேபலுக்கு வந்தால் அந்த ஏழு நாளில் எத்தனை நாள் திரும்பக் கிடைக்கும்? விலை வித்தியாசத்தில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். மற்ற நாட்கள் போனது போனதுதான்.

அந்த ஏழு பேரும் எப்போதும் அவருடைய பேர்களாக இருப்பதும் இல்லை. மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் எடுக்கும் வழக்கம் நமது தோட்டங்களில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. காலை ஏழரைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் ஒருத்தி, மாலையில் டின்னைத் திறப்பவர் இன்னொருவர். 10ஆம் திகதி சம்பளம் போட்டு அடுத்து வரும் திங்கட்கிழமை என் வகுப்பில் அப்பியாசக் கொப்பி இல்லாமல் வந்து நிற்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். 'ஏன் இல்லை?' என்று கேட்டால் பிள்ளை காலைப் பார்க்கும். நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்று 'உன் அப்பா குடித்தது உள்நாட்டுப் பியர்தான்' என்று நான் என்ன ஆறுதல் சொல்வது?

நம் தலையில் விழும் பழி

குடிக்கிற சகோதரனை இழிவாகப் பேச நான் இதை எழுதவில்லை. செங்குத்து மலையில் எட்டு மணித்தியாலம் மருந்துக் கானைத் தோளில் சுமந்தவனுக்கு இரவில் முதுகு நோகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் மூன்று தலைமுறை படுக்கும் வீட்டில் ஒரு ஆள் கொஞ்ச நேரம் தனியாக இருக்க இடம் இல்லை. விளையாட மைதானம் இல்லை, வாசிக்க நூலகம் இல்லை, ஆனால் சந்திக்குச் சந்தி கடை இருக்கிறது. 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட பட்டியலின்படி 2024இல் மட்டும் நாடு முழுவதும் முந்நூறுக்கு மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஓர் ஆசிரியர் நியமனம் வாங்க நாம் எத்தனை வருடம் நடக்கிறோம் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையின் போதும் நம்மைப் பற்றி ஒரு பேச்சு அடிபடும். 'இவர்களுக்குச் சம்பளம் கூட்டி என்ன பிரயோசனம்? எல்லாம் தவறணைக்குத்தான் போகும்.' மேசைக்கு மேலே சொல்ல மாட்டார்கள், மேசைக்குக் கீழே சொல்வார்கள். கொழும்புக் கிளப்பில் விஸ்கி குடிக்கும் கனவானைக் குடிகாரன் என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பட்டம் நமக்கு மட்டும். அது பொய்யான பழி என்று நாம் வாதாடுகிறோம். வாதாடிவிட்டு மே தினத்தன்று சங்கக் கொடி கட்டிய பஸ்ஸுக்குள் கேஸ் கேஸாகப் பியர் ஏற்றுகிறோம்.

ஆம், ஏற்றுகிறோம். இந்த இதழில் இதை எழுத எனக்குச் சந்தோஷம் இல்லை. நமது சங்கமும் செய்திருக்கிறது, மற்றச் சங்கங்களும் செய்கின்றன. ஆள் சேர்க்க இது இலேசான வழி என்று பழகிவிட்டது. தேர்தல் காலத்தில் அரசியல்வாதி போத்தல் கொடுத்து வாக்குக் கேட்டால் மேடை போட்டுத் திட்டுகிறோம். நாம் போத்தல் கொடுத்து ஊர்வலத்துக்கு ஆள் சேர்த்தால் அதற்கு வேறு என்ன பெயர்? அந்த பஸ்ஸில் ஏறப் பயந்து வீட்டிலேயே நின்றுவிடும் பெண்களை எண்ணிப் பார்த்தீர்களா? நமது சந்தாவில் அரைவாசிக்கு மேல் அவர்களுடையது. மே தினக் கூட்டத்தில் அரைவாசிப் பேராவது அவர்களாக இருக்க வேண்டாமா?

சட்டமும் ஒன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. மதுபானத்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. விளையாட்டுக்கும் கலை நிகழ்வுக்கும் மதுக் கம்பனி அனுசரணை தரக் கூடாது. நமது கரப்பந்து அணிகளில் பாதிப் பேர் 21 வயதை எட்டாத பிள்ளைகள். இன்னொன்றையும் யோசியுங்கள். கம்பனி தன் பெயரைப் பலகையில் எழுத முடியாது, தொலைக்காட்சியில் காட்ட முடியாது. அப்படி இருக்கும்போது ஒரு தொழிற்சங்கம் கூடி, 'இந்தப் பியரைத்தான் குடிக்க வேண்டும்' என்று தீர்மானம் போட்டு, முகநூலிலும் பகிர்ந்தால், அதைவிட நல்ல விளம்பரம் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்? கோடி கொடுத்தாலும் கிடைக்காததை நாம் சும்மா கொடுக்கப் போகிறோம்.

மறுப்புகளுக்குப் பதில்

பியரை நிறுத்தினால் கசிப்புக்குப் போவார்கள் என்று ஒரு மூத்த தோழர் சொன்னார். அனுபவத்தில் சொன்ன வார்த்தை, தள்ளிவிட முடியாது. கசிப்பு ஆளைக் கொல்லும். அதனால்தான் நான் யாரையும் தடை செய்யவோ, பொலிஸை லயத்துக்குள் கூப்பிடவோ கேட்கவில்லை. வயது வந்த ஒருவர் தன் காசில், தன் வீட்டில் என்ன குடிக்கிறார் என்பது அவருடைய விஷயம். சங்கத்தின் காசும், சங்கத்தின் கொடியும், சங்கத்தின் பெயரும் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் நம் விஷயம்.

உண்மையான உள்நாட்டுப் பானத்தைத்தான் ஆதரிக்க வேண்டும் என்று தம்பிமார் இன்னும் சொன்னால், நான் கித்துள் கள்ளைக் காட்டுவேன். மரம் இந்த மண்ணில் முளைத்தது. ஏறிச் சீவுபவர் நமக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமத்து மனிதர். கப்பலில் வந்த மோல்ட் இல்லை, அலுமினியம் இல்லை, பங்குதாரர் இல்லை. ஆனால் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் இறக்குவதை அனுமதிப்பத்திரத்துக்குள் அடைத்த நாளிலிருந்து அந்த மனிதர் மதுவரிக்காரருக்குப் பயந்தே மரம் ஏறினார். ஆலைக்கு அனுமதி சுலபமாக இருந்தது, மரத்துக்கு அனுமதி கஷ்டமாக இருந்தது. உள்நாட்டு உற்பத்தி என்று முழங்குகிறவர்கள் அவருக்காக ஒரு தீர்மானம் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. கள்ளையும் மே தின பஸ்ஸில் ஏற்றச் சொல்லி இதை நான் எழுதவில்லை. இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்று உரசிப் பார்க்க அதுவே நல்ல கல்.

டொலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாட்டுக்குத் தேயிலை ஆண்டுக்கு நூறு கோடி டொலருக்கு மேல் கொண்டுவருகிறது. அதன் முதல் கொழுந்தைக் கிள்ளுவது நமது பெண்களின் விரல். நாட்டுக்கு டொலர் சேர்க்கும் வேலையை நாம் தினமும் காலை பெரட்டில் இருந்தே செய்துகொண்டிருக்கிறோம். மாலையில் டின் திறந்துதான் நாம் தேசப்பற்றைக் காட்ட வேண்டுமா? நமக்கு உள்நாட்டுப் பற்றைப் போதிப்பவர்கள் முதலில் உள்நாட்டுத் தொழிலாளிக்கு நியாயமான சம்பளம் கொடுத்துக் காட்டட்டும்.

என் திருத்தம்

வெறுமனே எதிர்த்துவிட்டு உட்காரப் போவதில்லை. அடுத்த கூட்டத்தில் நான் கொண்டுவரும் திருத்தம் இதுதான். தோட்டக் கமிட்டிகள் பேசி, கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

ஒன்று: மே தின பஸ்ஸிலும் சங்கத்தின் பெயரால் நடக்கும் எந்த நிகழ்விலும், உள்நாடோ வெளிநாடோ, எந்த மதுபானமும் இல்லை. சங்கக் காசில் ஒரு சதமும் அதற்குப் போகக் கூடாது.

இரண்டு: அந்தச் செலவை விளையாட்டுக்குத் திருப்புவோம். கரப்பந்து வலை, பந்து, வெற்றிக் கிண்ணம் எல்லாம் நம் சந்தாவில் வாங்குவோம். யாருடைய அனுசரணையும் வேண்டாம்.

மூன்று: தோட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக மதுக்கடை வரப்போகிறது என்று தெரிந்தவுடன் தோட்டக் கமிட்டி, மாதர் சங்கம், பெற்றோர் மூவரும் சேர்ந்து பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் ஆட்சேபனை கொடுப்பது. கையெழுத்துச் சேகரிப்பை மாதர் தலைவிகள் நடத்த வேண்டும்.

நான்கு: தன் சம்பளத்தைத் தானே எடுக்க விரும்பும் ஒவ்வொரு பெண் தொழிலாளிக்கும் வங்கிக் கணக்குத் திறக்கத் தோட்டத் தலைவர் கூடப் போய் உதவுவது.

ஐந்து: குடியை விட நினைக்கும் தோழருக்குத் துணையாக ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் இரண்டு பேரை நியமிப்பது. வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக, வீட்டாரோடு பேச. அவரைக் கேலி செய்ய ஒருவரும் வேண்டாம்.

ஆறாவதாக ஓர் ஆசை. நல்ல தேயிலை கப்பலுக்குப் போகிறது, நமக்கு மிஞ்சுவது தூள். இந்த மே தினத்தில் சங்கத்தின் செலவில் ஒரு நல்ல தேயிலைப் பெட்டி வாங்கி, வரும் எல்லோருக்கும் பாலும் சீனியும் போட்டு ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்போம். வயதான பெண்கள் முதல் வரிசையில் உட்காரட்டும். உள்நாட்டு உற்பத்தியைக் குடிக்க வேண்டும் என்ற தம்பிமாரின் தீர்மானமும் அப்போது நிறைவேறிவிடும்.

கூட்டத்துக்கு வாருங்கள். என்னோடு உடன்படாதவர்களும் கட்டாயம் வாருங்கள். ஆண்கள் வரும்போது வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். அன்று கை உயர்த்தும் உரிமை அவர்களுக்கும் சமமாக உண்டு.